கோணாத கோடு

உலகத்தார் அனைவரும் அறிக: வேதியியல் ஆய்வகத்தில் சாயம் வெளுக்கும் வேகத்தை அளந்த அத்தனை மாணவர்களுக்கும் வரைபடம் நூல் பிடித்தாற்போல் நேர்கோடாக வந்துவிட்டது. ஒருத்தியைத் தவிர.

“ஊருக்கெல்லாம் நேரா வந்த கோடு, உனக்கு மட்டும் ஏம்மா நாய் வாலாட்டம் வளையுது?” என்றார் பேராசிரியர்.

“மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன் சார்.”

“மரியாதையா நம்பரை மாத்து. இல்லன்னா ஃபெயில்.”

“ஃபெயிலே போடுங்க சார். மாத்த மாட்டேன்.”

பேராசிரியர் அவளை விலக்கிவிட்டு, கரைசலை உள்ளே வைத்து ஒளி அளக்கும் கருவியின் முன்னால் சிம்மாசனம் ஏறுவதுபோல் உட்கார்ந்தார்.

“புதுசா கரைசல் கல. நான் அளந்து சொல்றேன், நீ எழுது!”

அவள் கலந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கொரு எண்ணைக் கணீரென்று சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் எழுதி, புள்ளிகளைச் சேர்த்தாள். அடிக்கோலே வெட்கப்படும் நேர்கோடு!

“பார்த்தியா? அளக்கிறவன் அளந்தா இப்படித்தான் வரும்!”

“வந்திருக்கு சார்.” அவள் கண்ணாடிக் குப்பியை நீட்டினாள். “ஆனா கலந்த கரைசல் இன்னும் என் கையிலதான் இருக்கு. நீங்க வாங்கவே இல்லையே! இப்ப யாருக்கு சார் ஃபெயில்?”

பேராசிரியர் கருவியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.