இடப்பக்கம் இழுக்கும் கார்

பள்ளத்தில் இறங்கி விரிசல்விட்ட அலாய் வீலுக்கு ஜோடி தேடி எஸ்தர் ஏறாத கடையில்லை. கடைசியில் ஒரு காயலான் கடையில், அப்பளமாய் நொறுங்கிக் கிடந்த காரில் அதே டிசைன் கிடைத்தது.

"ஓட்டினவரு போயிட்டாரு. வீலுக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றார் கடைக்காரர்.

மாட்டிய நாளிலிருந்து, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மட்டும் கார் இடப்பக்கம் இழுத்தது.

"வண்டியில கோளாறே இல்ல மேடம்," என்று மெக்கானிக் கையை விரித்தார்.

ஒரு மாலை, மல்லுக்கட்டிச் சலித்துப்போய், அதன் போக்கிலேயே விட்டாள். கார் சந்துக்குள் நுழைந்து ஒரு பச்சை கேட்டின் முன் நின்றது. உள்ளிருந்து ஓடிவந்த பெண் கேட்டை அகலத் திறந்தாள்.

"ஏங்க, இவ்ளோ நேரமா?"

வீடு மாறி வந்துவிட்டதைச் சொல்லத்தான் எஸ்தர் கண்ணாடியை இறக்கினாள்.

"வழியில லேட்டாயிடுச்சும்மா," என்று தன் வாய் சொல்வது அவளுக்கே கேட்டது.