அந்த ஊருக்கு வந்த வெளிச்சம்

கவிநிலா கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நிறைமாத வயிற்றோடு பாயில் மெல்ல உட்காருகிறாள். வெளியே பிள்ளைச்சாவடிக் கடல் இரைகிறது. திரையில் ஈராக்கின் ஒரு தெரு இருண்டு கிடக்கிறது. போரில் சாய்ந்த மின்கோபுரங்களை நிமிர்த்தி, அந்த ஊருக்குக் கம்பி இழுத்தவர்களில் அவள் கணவன் சிலம்பரசனும் ஒருவன். கரண்ட் வந்ததும் புறப்பட்டு, பிள்ளை பிறப்பதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். “இப்பப் பாரு கவி!” தெரு முழுக்க விளக்குகள் பளீரென்று எரிகின்றன. அந்தியில் விளக்கு போட்டதும் கும்பிடுகிற பழக்கத்தில் அவள் கைகள் தாமாகக் குவிகின்றன. “என்னடி, போனைக் கும்புடுற?” “லைட்டத்தான்யா கும்புட்டேன், ஒன்ன இல்ல.” அவன் சிரிக்கும்போதே ஒரு கிழவி ஓடிவந்து, காய்த்துப்போன அவன் உள்ளங்கையை முத்தமிட்டு அழுகிறாள். சிரிப்பு நின்றுபோகிறது. “இந்தம்மா பொண்ணு பக்கத்து ஊர்ல இருக்குதாம். அங்க இன்னும் லைன் போவல. எங்களத்தான் இருக்கச் சொல்றாங்க...” முடிக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறான். புது வெளிச்சத்தில் அவன் முகம் நன்றாகவே தெரிகிறது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பையிலிருந்து அவனுடைய பழைய வேட்டியை எடுத்து அவள் மடியில் போட்டுக்கொள்கிறாள். “புள்ளய ஒன் வேட்டியில வாங்கிக்கிறேன். நீ அங்கயும் லைன் இழுத்துட்டு வா.” சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல், மடித்திருந்த வேட்டியையே மறுபடி மறுபடி மடிக்கிறாள்.