லூப்பர் முனை

லூப்பர் உடைந்ததும் முகிலன் கைதட்டினான்.

ஓவர்லாக் மிஷினில் அடி நூலைக் கோத்துக் கொடுக்கும் வளைந்த இரும்பு அது. உடைந்தால் எல்லாரும் தலையில்தான் கை வைப்பார்கள். கைதட்டல் கேட்டு நான் திரும்பிப் பார்த்தால், இந்தப் பிள்ளைக்கு மட்டும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"உடைஞ்சிருச்சுங்க அக்கா, கடைசியில உடைஞ்சே போச்சுங்க!" என்று கத்திவிட்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சிக்னல் தேடி வாசலுக்கு ஓடிவிட்டான்.

முகிலன் சேவூர்க்காரன், கோயம்புத்தூரில் எம்.இ. படிக்கிறான். இரும்புத் தூளை லேசரில் உருக்கி, தோசைமேல் தோசை வைத்த மாதிரி அடுக்கடுக்காக வளர்த்துச் செய்த லூப்பர் அது. ஓட ஓட அது எப்போது அலுத்து முறிகிறது என்று பார்க்க எங்கள் மிஷினில் மாட்டிவிட்டு வாராவாரம் வந்து போவான். முறிந்தால்தான் அவன் படிப்பு முடியுமாம்.

"இரும்புக்கும் அலுப்பா? அதுக்கும் ஓவர்டைம் போட்டீகளா?" என்று அபிராமி கிண்டல் செய்வாள். அவள் மிஷினில்தான் மாட்டியிருந்தோம். அவன் பதில்கூட மிஷினைப் பார்த்துத்தான் சொல்வான். பெண்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்காத கூச்சம்.

சரி, முறியட்டும். அதற்கென்று நாள் பார்த்து முறிய வேண்டுமா?

2009 தீபாவளிக்கு முந்தின நாள். கம்பெனி வாசலில் உசிலம்பட்டி பஸ் வந்து நிற்கிறது. ஒவ்வொருத்தி மேஜைக்கு அடியிலும் பை தயார். அபிராமி பையில் மகளுக்கு ரோஸ் கலர் கவுன். ஆடிக்கு அப்புறம் அவள் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

நாங்கள் தைப்பது கைக்குழந்தைச் சட்டை. ஊசி உடைந்தாலே எல்லாத் துண்டும் கைக்கு வந்தால்தான் சட்டையும் வெளியே போகும், ஆளும் வெளியே போகும். ஏதோ ஒரு ஊரில் பச்சைப்பிள்ளை உடம்பில் குத்திவிட்டால் யார் பதில் சொல்வது? சூப்பர்வைசர் நான். இந்த விஷயத்தில் நான் ராட்சசி.

லூப்பரின் அடிப்பாகம் மிஷினிலேயே இருந்தது. முனையைக் காணோம்.

"டப்புனு சத்தம் கேட்டுச்சு, கண்ணை மூடிட்டேன் சித்ராக்கா" என்றாள் அபிராமி. நல்ல நேரத்தில் மூடினாள்.

மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்கலாம் என்றால், அது ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்துக்கொண்டதோடு சரி. ரிப்பேர்.

மொத்தத் தையல் லைனும் முனையைத் தேடித் தரையில் இறங்கியது.

முகிலன் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது நாங்கள் எல்லாரும் முட்டி போட்டிருந்தோம். பஸ் டிரைவர் ராஜபாண்டி ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார். அபிராமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பேண்ட் அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான்.

அடி ஆத்தி, அப்படி எங்களில் ஒருத்திகூடத் தேடவில்லை. வேஸ்ட் துணி மூட்டையைக் கொட்டி உதறினான். எங்கள் செருப்பையெல்லாம் தட்டிப் பார்த்தான். பாத்ரூம் வாசல், கை கழுவுகிற குழாயடி என்று மிஷினுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தையும் விடவில்லை.

"அழுவாதீங்க அக்கா, எங்க போயிரும், கிடைச்சிருமுங்க" என்று அபிராமிக்கு ஆறுதல் வேறு.

கைதட்டியதற்காக மனசுக்குள் அவனைத் திட்டித் தீர்த்திருந்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. நல்ல வயிற்றில் பிறந்த பிள்ளை.

ஹாரன் இப்போது விடாமல் அடித்தது. ராஜபாண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இன்னும் பத்தே நிமிஷம், அப்புறம் வண்டியை எடுத்துவிடுவேன் என்று கத்தினார். அபிராமி தேடுவதை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"தம்பி, உன் டூல்ஸ் பெட்டியில காந்தம் இருக்கா?"

"இருக்குதுங்க அக்கா." மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். தலை முழுக்கப் பஞ்சு. "ஆனா தங்கம் காந்தத்துல ஒட்டாதுங்களே."

"எந்தத் தங்கம்?"

"அபிராமி அக்கா மூக்குத்திங்க. மூக்கைப் பொத்திட்டு அழுதாங்களே, அதத்தானுங்களே எல்லாரும் தேடறோம்?"

எல்லாரும் அபிராமியைப் பார்த்தோம். அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மூக்கே குத்தினதில்லை.

"ஏப்பா, நாங்க தேடுறது நீ மாட்டிவிட்ட லூப்பரோட முனை. அது கிடைக்காம ஒருத்தியும் ஊருக்குப் போக முடியாது" என்றேன்.

முகிலனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போனது.

"முறிஞ்ச இடத்துல கை பட்டா கெட்டுப்போயிருமுங்க அக்கா. அதான், விழுந்த ஒடனே இடுக்கியில எடுத்து…"

அவன் பிளாஸ்டிக் கவரை வெளியே எடுப்பதற்குள் அபிராமி பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.