எட்டாம் செவ்வாய்

“ஷாம்பு போட்டு அஞ்சு நிமிஷம் ஊற வச்சீங்களா?”

“ஏழு நிமிஷமே வச்சேன் மேடம்.”

“அப்புறம் எப்படி இவ்ளோ வெள்ளையா இருக்குது?”

லூர்துபிரகாஷ் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். மெரின் சீப்பின் வால்முனையால் அவன் தலையில் வகிடு எடுத்தாள்.

பொடுகுக்கான புது மருந்து ஷாம்புவைச் சோதித்துப் பார்க்கும் அறை அது. செவ்வாய்தோறும் அவன் தலையை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பொடுகு எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் எழுதுவது மெரினின் வேலை. கொடுத்த புட்டியில் இருப்பது மருந்தா, வெறும் ஷாம்புவா என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மருந்துதான் என்று அவன் மூன்றாவது வாரமே முடிவுகட்டிவிட்டான். கறுப்புச் சட்டை போட்டுத் தலையை உதறிப் பார்த்தான். ஒரு துகள் விழவில்லை. வேலை பார்க்கும் பேக்கரியில் அவனை ‘பனிமலை’ என்று கூப்பிட்டவர்கள் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

அவனோ அந்தக் கறுப்புச் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டான்.

முதல் நாள் அவனோடு புட்டி வாங்கிய பிள்ளைச்சாவடி கலியமூர்த்தி, அதன்பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. குணமானவர்களை நிறுத்திவிடுகிறார்கள் போலிருக்கிறது.

குணமானால் செவ்வாய்க்கிழமை கிடையாது. செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் மெரின் கிடையாது.

வருகிறவர்களையெல்லாம் வாய் நிறைய அண்ணா என்கிற மெரின், அவனை மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவன் மனதுக்குள் மூலக்குளத்தில் மாடிவீடே கட்டியிருந்தான்.

அதனால் நான்காவது வாரத்திலிருந்து, பேக்கரியிலிருந்து கிளம்பும்போது மைதா டப்பாவில் இரண்டு விரலை விட்டுத் தலையில் ஒரு தூவல்.

“அசையாதீங்க.” சீப்பு நின்றது. “எறும்பு.”

“எறும்பா?”

“ஒண்ணு ரெண்டு இல்ல. வரிசையா போவுது.”

இன்று அவசரத்தில் பக்கத்து டப்பாவில் கை விட்டிருக்கிறான். கேக் மேல் தூவும் சர்க்கரைப் பொடி.

மெரின் விரலில் ஒட்டியதை மோந்து பார்த்தாள்.

“நாலு வாரமா மைதாதானே போட்டுட்டு வந்தீங்க? இன்னிக்கு என்னா சர்க்கரை?”

அவன் காது சிவந்தது.

அவள் ஈரத்துணியால் எறும்புகளைத் துடைத்தெடுத்தாள். எட்டுப் பங்கையும் மறுபடி பார்த்தாள். பேனாவால் எட்டு பூஜ்யம் எழுதினாள்.

“இன்னிக்கு எழுதறது மட்டும் நெசமா இருக்கணும்ங்க,” என்றாள் மெதுவாக.

மூலக்குளத்து மாடிவீடு சரிந்தது. அவன் எழுந்துகொண்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு கலியமூர்த்தி உள்ளே வந்தார். தோளெல்லாம் அப்படியே வெள்ளை வெள்ளையாக உதிர்ந்திருந்தது.

“வாங்கண்ணா,” என்றாள் மெரின்.

“எட்டாவது வாரம் வந்தா போதும்னீங்களே, வந்துட்டேன். என்னா தம்பி, உனுக்கும் இன்னிக்குத்தான் ரெண்டாவது தடவையா?”

மெரின் சட்டென்று லூர்துபிரகாஷின் தாளைக் கவிழ்த்தாள். மேலிருந்த பென்சில் உருண்டு மேசை விளிம்பில் நின்றது.

அதற்குள் அவன் பார்த்துவிட்டான். தாளில் அச்சடித்திருந்தவை இரண்டே கட்டங்கள். முதல் வாரம், எட்டாவது வாரம். நடுவில் இருந்த ஆறும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் போட்டவை.

அவன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“மேடம், அந்தப் பென்சிலயும் ஸ்கேலயும் கொஞ்சம் குடுங்களேன்.”