தூக்கும் முறை

“நாரியை வளைச்சுக் குனியாதேங்கோ அக்கா! முழங்காலை மடியுங்கோ. பாரம் தொடையில நிக்கவேணும், முதுகில இல்லை.”

தாதி இராசேஸ்வரி சொன்னபடியே சிவலட்சுமி கால்களை அகட்டி, முழங்காலை மடித்து நின்றாள். கட்டில் விளிம்பில் இருத்தப்பட்டிருந்த ஜெகதீஸ்வரியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

“அவளின்ர கை ரெண்டும் உங்கட தோளில. ஒண்டு, ரெண்டு, மூண்டு... எழும்புங்கோ! உடம்பை முறுக்கக்கூடாது. காலை எடுத்து வைச்சுத் திரும்புங்கோ.”

ஜெகதீஸ்வரி மெல்லக் கதிரையில் இறங்கி அமர்ந்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“சரியே மிஸி?”

“சரி. இன்னும் நாலைஞ்சு தரம் பழகுவம். இவளைத் தூக்கப்போய் உங்கட நாரியும் பிடிச்சுக்கொண்டால், ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது?”

“பாக்க ஒருதருமில்லை,” என்றாள் சிவலட்சுமி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

எண்பத்தோராம் ஆண்டு மாசி மாதம், அரிவுவெட்டு நேரம். இரணைமடுப் பக்கத்து வயலில் கதிர்க்கட்டு ஏற்றிய உழவு மெசின் பெட்டியின் உச்சியிலிருந்து விழுந்தவள் ஜெகதீஸ்வரி. பதறிப்போன சனம் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, அதே பெட்டியில் போட்டுக் குன்றும் குழியுமான பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. “ஒரு கதவைக் கழட்டி, அதில அசையாமல் கிடத்திக் கொண்டந்திருக்கலாமே,” என்று டொக்டர் அன்றைக்கு வாய்விட்டு வருந்தினார். முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவேயில்லை.

அவளுடைய புருஷன் மூன்று நாள் வாட்டு வாசலில் நின்றான். இனி நடப்பது கஷ்டம் என்று டொக்டர் சொன்ன அன்று பின்னேரம், சவர்க்காரம் வாங்கி வருகிறேன் என்று போனவன்தான். வவுனியாப் பக்கம் கண்டதாக யாரோ சொன்னார்கள். ஜெகதீஸ்வரியின் தாய் தகப்பனுக்கு இராசேஸ்வரியே கடிதம் எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை.

“அவையோட எனக்குக் கதை பேச்சில்லை மிஸி,” என்று முகட்டைப் பார்த்தபடி சொன்னாள் ஜெகதீஸ்வரி. பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நிற்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடப்பாள்.

பத்தாம் நாள், ஸ்கந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் சிவலட்சுமி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் கஞ்சிப் போத்தல். அவளைக் கண்டதும் ஜெகதீஸ்வரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி விம்மினாள்.

“ஏன் வந்தனீங்கள்? போங்கோ அக்கா... போங்கோ!”

இந்தக் கோலத்தில் தமக்கை பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் என்று இராசேஸ்வரி நினைத்தாள். சிவலட்சுமி போகவில்லை. கட்டிலருகே கிடந்த வாங்கில் இருந்தாள். அன்றும் மறுநாளும் கஞ்சி அப்படியே திரும்பிப் போயிற்று. மூன்றாம் நாள், கரண்டி உதட்டருகே வந்தபோது ஜெகதீஸ்வரி வாயைத் திறந்தாள்.

அதன்பின் ஒருநாளும் சிவலட்சுமி வராமல் விட்டதில்லை. புண் வராமல் உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கப் பழகினாள். முதுகு துடைத்தாள். சிக்குப் பிடித்த தலைமயிரை மணிக்கணக்காக இருந்து பிரித்தெடுத்தாள். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை.

இராசேஸ்வரி வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தமக்கை இருந்தாள். ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. லீவு நாட்களிலும் குவாட்டர்ஸில் தனியே இருக்கமாட்டாமல் வாட்டுக்கே வந்துவிடுவாள். நான் விழுந்தால் யார் கஞ்சி கொண்டு வருவார்கள் என்று ஓர் எண்ணம் வரும். உடனே ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

இன்றைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள். வீட்டுக்குக் கொண்டுபோக வான் வந்து நின்றது.

“இரவிலயும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிடவேணும் அக்கா. எழும்புவியளோ?”

“எனக்கு எங்கை மிஸி நித்திரை? எத்தினையோ வருசமாய்த் தனிய. ஒருநேரம்தான் அடுப்பு மூட்டுறனான். வாய் திறந்து கதைக்கிறதெண்டால் கோழியளோடதான்.”

“உங்கட மனுசன்?”

“இருக்கிறார், எங்கையோ.”

இராசேஸ்வரி படிவத்தை எடுத்து விரித்தாள். பொறுப்பெடுத்துப் போகிறவரின் பெயரை எழுதி, முறை என்ற இடத்தில் ‘அக்கா’ என்று தானே போட்டாள். எழுதி முடித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

“எனக்கும் ஒரு கூடப்பிறந்த அக்கா இருக்கிறா. நான் படுத்த படுக்கையாய்க் கிடந்தாலும் எட்டிப் பாக்கமாட்டா. ஜெகதீஸ்வரி, நீர் குடுத்து வைச்சனீர்.”

ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவலட்சுமி அவளுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“எழுதினதை வெட்டவேண்டாம் மிஸி, அப்பிடியே இருக்கட்டும். ஆனால் நாங்கள் கூடப்பிறந்தவையில்லை. எட்டு வருசத்துக்கு முந்தி, என்ர மனுசன் என்னை விட்டிட்டுக் கூட்டிக்கொண்டு போனது இவளைத்தான்.”