தங்கக் காது

"அவர் கிட்டாருக்கு எலும்பு வேண்டாம். பிளாஸ்டிக்கையே வச்சிடுங்க. அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

கடைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்த அம்மா தன் கணவரோடு வந்து இரண்டு கிட்டார்களைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது குடையை மறந்துவிட்டேன் என்று தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். குடை அவர் கையிலேயே இருந்தது.

"என்னம்மா இது? சார் அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனாரே!"

சொல்லிவிட்டா போனார், பிரசங்கமே பண்ணிவிட்டுப் போனார். கிட்டாரில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். அவர் கிட்டாரில் அது தேய்ந்து போயிருந்தது, மகளுடையதில் விரிசல். இரண்டுக்கும் புதிதாக வைக்க வேண்டும். எலும்பில் செய்தது பிளாஸ்டிக்கைவிட நன்றாக ஒலிக்கும்; ஆனால் கடையில் எலும்புத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எலும்பு எனக்கு. கத்துக்கிற பொண்ணுக்கு பிளாஸ்டிக் போதும். அவளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது? என் காது அப்படி இல்ல தம்பி. கண்ணைக் கட்டிட்டு உக்கார வச்சாலும் எது எலும்பு, எது பிளாஸ்டிக்னு சொல்லிடுவேன்" என்று காதைத் தொட்டுக் காட்டினார் மனுஷன். அப்போதே கடைக்காரர் மனசுக்குள் அவருக்குத் தங்கக் காது என்று பெயர் வைத்துவிட்டார்.

"அந்த எலும்பை என் பொண்ணு கிட்டார்ல வைங்க" என்றார் அந்த அம்மா. "வெள்ளிக்கிழமை அவ இசைக் கல்லூரியில வாசிச்சுக் காட்டணும். அப்பதான் இடம் கிடைக்கும். இவர் வாசிக்கிறது, வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க தலையெழுத்து. அதுக்கு எதுக்குங்க எலும்பு?"

"கண்டுபிடிச்சிட்டார்னா?"

"அவரா? காய்கறி வாங்கிட்டு வாங்கன்னு காது பக்கத்துல கத்தினாலே விழாது."

"கடை பேரு கெட்டுடும்மா."

"பெத்தவ கேக்கிறேன்."

கடைக்காரர் எலும்புத் துண்டை எடுத்து மகளின் கிட்டார் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் மூன்று பேருமாக வந்து இறங்கினார்கள். தங்கக் காது தன் கிட்டாரை மடியில் வைத்து ஒரு மீட்டு மீட்டினார். நிறுத்தினார். மறுபடி மீட்டினார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த விலைப் பட்டியலை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

"அடடா! எலும்புன்னா எலும்புதான்!" என்றார் தங்கக் காது. "எப்படிப் பேசுது பாத்தீங்களா!"

அந்த அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாழக்கிழமை மகள் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். இரண்டு கிட்டார்களும் கூடவே வந்தன.

"அண்ணா, மாத்தி வச்சிட்டீங்க. எலும்பு என்னோடதுல இருக்கு. அப்பாவோடது பிளாஸ்டிக். கேட்டாலே தெரியுது. திருப்பி மாத்திடுங்க. அப்பா எவ்வளவு ஆசைப்பட்டு வைக்கச் சொன்னார்!"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் தங்கக் காது மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"கேட்டீங்களா தம்பி! எனக்கே பாடம் எடுக்கிறா. என்னோடதுல இருக்கிறது எலும்பு! காது இருக்கிறவனுக்குத் தெரியும்."

"ஒரே ஒரு தடவை கழட்டிப் பாக்கச் சொல்லுங்கப்பா."

"கழட்டுறதா? என் காது மேல நம்பிக்கை இல்லாம என் கிட்டார் மேல யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்குத் தேர்வை வச்சுக்கிட்டு இங்க வந்து வம்பு வளக்கிறியா? நட வீட்டுக்கு!"

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே அவரும் போனார். கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. பிளாஸ்டிக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பேச்சா! கத்துக்கிற பொண்ணுக்கு இருக்கிற காதுகூட இந்த மனுஷனுக்கு இல்லையே.

கதவு மறுபடி திறந்தது. தங்கக் காது மட்டும் தலையை நீட்டினார்.

"குடையை மறந்துட்டேன்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் குடையே கொண்டு வரவில்லை.

உள்ளே வந்து மேஜை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "முதல் மீட்டுலயே தெரிஞ்சு போச்சு தம்பி, எனக்கு வச்சது பிளாஸ்டிக்னு. இது யார் வேலைன்னும் தெரிஞ்சு போச்சு."

"சார்... அது வந்து..."

"கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பொண்ணு தன் கிட்டாரை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சிட்டா." கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அந்த வாசிப்பைக் கேட்ட பிறகு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்கிறது? உண்மையை ஒத்துக்கிட்டா இவ உடனே கழட்டி என் கையில குடுத்துடுவா. எலும்பு அங்கேயே இருக்கட்டும்."

கடைக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "மன்னிச்சிடுங்க சார். அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க! என்னை ஏமாத்திட்டோம்ங்கிற சந்தோஷத்துல வீடு பூரா பாடிக்கிட்டே திரியறா. அவ பாடிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா!"