ஒருத்தரும் தொடவில்லை

இந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பு லேசாக வலித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள் என்று சாண்டிகிக் கிழவருக்கு ஒரே எரிச்சல். நிறைமாத வயிற்றோடு மகள் யாபோம் வாடகை பைக்கில் ஏறப் போனாள். கிழவர் குறுக்கே போய் நின்றார்.

"வேணாம்டி. எபோலா வந்த வருஷம் அங்க போனவ எவ திரும்பி வந்தா? ரத்தத்தைப் பார்த்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். உங்கம்மாவை எவனாவது தொட்டானா?"

"தொடலப்பா."

"வயித்துல இருந்த புள்ளையோட தண்ணி தண்ணின்னு கத்தியே செத்தா. மறந்துட்டியா?"

"எப்படி மறப்பேன்? பத்து வயசு எனக்கு. அதனாலதான் போறேன்."

"அந்தப் பாவிங்ககிட்டயா?"

"எந்தப் பாவிங்க? அம்மா ஆஸ்பத்திரிக்கே போகலியேப்பா! ரத்தத்தைப் பார்த்ததும் எபோலான்னு சொல்லி, யாரும் உள்ள போகாம பின்னறை வாசல்ல கயிறு கட்டினது நீதான். தண்ணியோட ஓடின என்னைப் பிடிச்சு நிறுத்தினதும் நீதான். புதைக்க வந்தவங்க எடுத்துட்டுப் போன சோதனையோட சீட்டு மறுநாள் வந்துச்சே, அது எபோலா இல்லைன்னு."

கிழவர் பைக்குக் குறுக்கிலிருந்து விலகினார்.

"சியரா லியோனே செத்துக்கிட்டிருந்துச்சு. தொடாதேன்னு ரேடியோவுல சொன்னான், தொடல. சீட்டுல என்ன வேணா எழுதுவானுங்க."

பைக் கிளம்பிப் போனது. கிழவர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார், இந்தப் பத்து வருடமாக நடப்பதுபோலவே, அந்தப் பின்னறை வாசலைச் சுற்றிக்கொண்டு.